கண்ணாடிக்கு வைத்த கன்னப் பொட்டு

ஆய்வுகூட உதவியாளர் நியமனக் கடிதத்தை வாங்கிய கையோடு இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகூடத்தில் மிகவும் ஆபத்தானது சல்பூரிக் அமிலம் இல்லை. அதைக் கண்டால் எல்லாரும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்கள். கையில் துணியும் மனதில் நல்லெண்ணமுமாக, "இதைக் கொஞ்சம் துடைச்சு விட்டுறட்டுமா?" என்று கேட்டுக்கொண்டு வருகிற ஆள்தான் ஆபத்து. என் இருபத்தெட்டு வருடச் சேவையில் பெரும்பாலும் அந்த ஆள் நானாகவே இருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியாததா? யாராவது பெரியவர் வருகிறார் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு, வழியோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு, தன் பாட்டில் நிற்கிற மரத்துக்கும் இடுப்பளவு சுண்ணாம்பு. லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கும் அந்தப் பழக்கம் ஊறிப்போயிருந்தது. வேலையில் சேர்ந்த முதல் வருடம், பரிசோதனைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கறுத்துக் கிடந்த தராசுப் படிகளை எல்லாம் புளி போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துத் தங்கமாக்கி வைத்தேன். மறுநாள் பௌதிகவியல் ஆசிரியை ஒரே பொருளை மூன்று தடவை நிறுத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீங்க தேச்சு எடுத்தது அழுக்கு மட்டுமில்ல சார், பித்தளையும் சேர்த்துத்தான்," என்றார். பளபளப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்று அன்று எனக்கு விளங்கியது. விளங்கியதே தவிர, புத்தியில் தங்கவில்லை. தங்கியிருந்தால் தொலைகாட்டிக் கதையே நடந்திருக்காது.

எங்கள் பாடசாலை அப்புத்தளைக்குக் கீழே, பஸ் திரும்புவதற்கு மட்டும் கொஞ்சம் சமதரை உள்ள ஒரு தேயிலைச் சரிவில் இருந்தது. வெளிநாடு போய் நன்றாக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் அந்தப் பாடசாலைக்கு நட்சத்திரம் பார்க்கிற ஒரு தொலைகாட்டி அனுப்பி வைத்தார். வில்லை வைத்தது அல்ல, கண்ணாடி வைத்தது. பெரிய குழாய், அதன் அடியில் சாப்பாட்டுத் தட்டளவில் குழிந்த ஒரு கண்ணாடி. வீட்டுக் கண்ணாடிக்கு வெள்ளிப்பூச்சு முதுகில் இருக்கும். இதற்கு முகத்திலேயே இருக்கும். மேலே காப்பு எதுவும் கிடையாது. சேலைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்தால் போதும், ஆயுளுக்கும் கீறல்தான்.

பதுளையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர் வந்து அதைப் பூட்டிக் கொடுத்தார். என் வயதுக்காரர்தான். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "தூசி விழுந்து கெட்ட கண்ணாடிய நான் இதுவரைக்கும் கண்டதில்ல. தொடச்சுக் கெடுத்த கண்ணாடி எங்க வீட்டு அலமாரியில நாலு கெடக்கு. நாலும் நான் தொடச்சதுதான்."

நான்கு வருடம் அந்தப் பேச்சைக் காப்பாற்றினேன். எங்கள் பிள்ளைகள் அதில் வியாழனின் நிலாக்களை எண்ணினார்கள். சனியின் வளையத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே படம் ஒட்டியிருக்கிறதா என்று குழாயைத் தட்டிப் பார்த்தார்கள்.

பிறகு வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வந்தது. சரியாகப் பராமரிக்கப்படாத உபகரணங்களை அடையாளம் கண்டு, 'பொருத்தமான பாடசாலைகளுக்கு' மாற்றப் போகிறார்களாம். வெள்ளிக்கிழமை காலை ஒரு குழு வரும். பொருத்தமான பாடசாலை என்றால் பண்டாரவளையில் மாடிக் கட்டடமும் மைதானமும் உள்ள பாடசாலை என்று எங்களுக்குத் தெரியும். எங்களிடம் நல்ல சாமான் என்று சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். அதையும் வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு வெறும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது.

எங்கள் பாடசாலை அதிபருக்கு என்னைவிடப் பயம். கைபேசி டோர்ச்சைக் குழாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு அலறினார்.

"சார், இங்க வாங்க. என்ன இது, ரொட்டிப் பலகையில மாவு தூவுன மாதிரி கெடக்கு?"

"டோர்ச் அடிச்சா அப்பிடித்தாங்க தெரியும். எந்தக் கண்ணாடிக்கு அடிச்சாலும் அப்பிடித்தான். பார்வைக்கு ஒரு கொறையும் இல்ல."

"வர்றவங்க கையில டோர்ச் இருக்காதுன்னு நெனைக்கிறீங்களா?"

இந்த இடத்தில் நான் "முடியாதுங்க, கழுவக் கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அதிபரின் முகத்தைப் பார்த்தேன், வாய் தானாக "செஞ்சுறலாம்ங்க" என்றது. மேலிடத்துக்குப் பயந்து ஆம் சொல்வதும் சுண்ணாம்பு அடிப்பது மாதிரிதான்.

எங்கள் பாடசாலையில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே போய் நின்று பதுளைக்காரருக்குப் போன் போட்டேன். "வேணாம்" என்றார். விளக்கினேன். "வேணாம்" என்றார். அதிபரின் நிலைமையைச் சொன்னேன். பெருமூச்சு விட்டுவிட்டு முறையைச் சொல்லித் தந்தார். முழுவதையும் எழுத மாட்டேன், புத்தகத்தில் இருக்கிறது. சாரம் இதுதான்: அழுக்கைத் தண்ணீர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கை போகக் கூடாது.

வியாழக்கிழமை சிரமதானம். பெற்றோர் எல்லாம் மண்வெட்டி, விளக்குமாறு, சுண்ணாம்பு வாளி சகிதம் வந்து இறங்கினார்கள். அவர்களில் பேச்சாயி ஆயாவும் ஒருவர். தாய்மார் கொழுந்து எடுக்கப் போனதும் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற இடத்தைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா என்போம். அங்கே முப்பத்திரண்டு வருடம் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேரைக் குளிப்பாட்டியவர் அவர்தான். எங்கள் அதிபரும் அந்தப் பாதியில் சேர்த்தி. அதனால் அதிபர் அவரிடம் மட்டும் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை.

நான் கண்ணாடியைக் கழற்றி எடுத்து, மறுபடி பூட்டும்போது திசை மாறாமல் இருக்கப் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தேன். ஆயா வந்து எட்டிப் பார்த்தார்.

"கழுவணுமா?"

"ஆமாங்க ஆயாம்மா. ஆனா தேய்க்கக் கூடாது."

"யாரு தேய்ப்பா? பொறந்த புள்ளயத் தேச்சா தோலு உரிஞ்சிரும்ல. தண்ணிதான் அழுக்கத் தூக்கிட்டுப் போகணும். கை சும்மா தொணைக்கிப் போகணும்."

பதுளைக்காரர் கால்மணி நேரம் சொன்னதை இவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். நான் வேறு யாரைத் தேடப் போகிறேன்? ஆயா முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தார். பேசினுக்குள் மெத்தென்று ஒரு துவாயை மடித்துப் போட்டார். கோடு போட்ட பக்கத்தைக் காட்டி, "இதுதான் மேல்பக்கம்" என்றேன். "அப்ப தலை இது," என்று மனதில் வாங்கிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் தண்ணீர் ஊற்ற ஊற்ற, நான்கு வருடத் தூசி சத்தமில்லாமல் வழிந்து போனது.

கடைசியாக, வாகனப் பெட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரால் ஒரு தடவை அலசினால் வேலை முடியும். அந்த நேரம் பார்த்து அதிபர் ஆள் அனுப்பினார். யாரோ சுண்ணாம்பு வாளியும் கையுமாக இரசாயன அலமாரிக்குள் புகுந்துவிட்டார்களாம், உள்ளே இருக்கிற போத்தல்களை எல்லாம் கழுவப் போகிறார்களாம். நான் ஓடினேன். ஓடிக்கொண்டே கத்தினேன்: "ஆயாம்மா, இந்தப் போத்தல்ல இருக்கிறத மட்டும் ஊத்துங்க! கை வைக்காதீங்க! துணி வைக்காதீங்க! ஊதாதீங்க! வெயில்ல வைக்காதீங்க!"

அலமாரியைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பி வர அரைமணி ஆகிவிட்டது. கண்ணாடி துவாய் மேல் சுவரோடு சாய்ந்து நின்றது. கை படவில்லை, துணி படவில்லை. இன்றைக்குத்தான் பிறந்தது மாதிரி பளிச்சென்று இருந்தது. அழாத குறைதான் எனக்கு. ஆயாவுக்குக் கும்பிடு போட்டேன்.

சாயங்காலம் பூட்டினேன். அவ்வளவு பெரிய கண்ணாடியைத் தூக்கி உள்ளே வைக்கும்போது மனிதன் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. தன் பத்து விரலையும்தான் பார்க்கிறான். அந்தக் கண்ணாடியின் நட்டநடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கடதாசி வளையம் ஒட்டியிருக்கும். அதைக் குறியாக வைத்துத்தான் கண்ணாடியை நேர்ப்படுத்த வேண்டும். பார்வைக் குழாய் வழியாக எட்டிப் பார்த்தேன், கறுப்பாக ஏதோ இருந்தது. போதும் என்று அதையே குறியாக வைத்துத் திருகாணிகளைச் சுற்ற ஆரம்பித்தேன். வழக்கமாக அரைச் சுற்றில் முடிகிற வேலை, அன்று திருகாணி முடிகிற வரைக்கும் போனது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வெளியே மூடுபனி, எதையும் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை. பெரிய வேலையை முடித்த நினைப்பில் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை குழு வந்தது. மூன்று பேர். தலைமை ஓர் உதவிப் பணிப்பாளர் அம்மையார். சிரித்ததைக் கண்டவர்கள் யாரும் இல்லை என்று அவரைப் பற்றி வலயம் முழுக்கப் பேச்சு. நல்ல வெளிச்சம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தேயிலைப் பெக்டரியின் புகைபோக்கி தெரிந்தது. தொலைகாட்டியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அம்மையார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார்.

"இதுல என்ன தெரியணும்?"

"பெக்டரி புகைபோக்கிங்க மெடம்."

"எனக்குத் தயிர்தான் தெரியுது."

நான் பார்த்தேன். தயிர்தான். வாலோடு கூடிய தயிர். அம்மையாரோடு வந்த ஒருவர் கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார்.

அதிபர் என் காதுக்குள் வந்தார். "மிஸ்ட்டுன்னு சொல்லுங்க சார். கீழ இருந்து ஏறிட்டுத்தான வருது. ரெண்டு நிமிசம் பேச்சுக் குடுத்தா வந்துரும்."

உண்மைதான். பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. மலைநாட்டில் எந்தக் குற்றத்தையும் அதன் தலையில் போட்டுவிடலாம், அது எதிர்த்துப் பேசாது. வாயையும் திறந்துவிட்டேன். ஆனால் அந்த அம்மையாருக்கும் கண் இருக்கிறதே. பனி பெக்டரிக்கு அரை மைலுக்குக் கீழே இருந்தது. பொய் சொல்லித் தப்பினாலும் உள்ளே என்ன கெட்டுக் கிடக்கிறது என்று தெரியாமலே போய்விடும்.

"பிழை எங்கயோ இருக்குங்க மெடம். உங்களுக்கு முன்னாலயே தொறந்து பாக்கிறேன்," என்றேன். அதிபர் கண்ணை மூடிக்கொண்டார்.

குழாயின் அடிப்பாகத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். நட்டநடுவில் இருக்க வேண்டிய கடதாசி வளையத்தைக் காணோம். அதற்குப் பதிலாக, பென்சில் கோட்டைத் தலை என்று வைத்துக்கொண்டால் சரியாக இடது கன்னம் இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக, மினுமினுவென்று ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. நேற்று நான் திருகாணி முறியுமளவுக்குச் சுற்றிச் சுற்றிக் குறிபார்த்தது அதைத்தான்.

முதலில் விரல்தான் முந்தியது. பொட்டின் ஓரத்தில் நகம் படப் போன நொடியில் கையை இழுத்துக்கொண்டேன். பொட்டோடு பூச்சும் உரிந்து வந்துவிட்டால்? அதிபர் நின்றார், அம்மையார் நின்றார், பேனா நின்றது. தண்ணீர்த் தாங்கிக்கு ஓடிப்போய்ப் பதுளைக்குப் போன் போட நேரமில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தம்பி தங்கைகளே, என் சேவைக் காலத்தில் நான் செய்த மிக நல்ல வேலை அந்தக் கையைக் கட்டியதுதான்.

"இது யார் வச்சது?" என்று அம்மையார் கேட்டார்.

எனக்கு ஆள் தெரிந்துவிட்டது. சொல்லவும் நாக்கு துடித்தது, ஒளிப்பதற்கில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செய்யாதே, வைக்காதே, ஊதாதே என்று அத்தனை 'காதே' சொன்னேனே தவிர, நடுவில் இருக்கிற வளையம் எதற்கு என்று ஒரு வார்த்தை ஆயாவுக்குச் சொன்னேனா? பூட்டும்போது நானாவது பார்த்தேனா?

"நான்தாங்க மெடம். என் பொறுப்புல நடந்தது," என்றேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

"சார் எங்க வச்சாரு?" என்று வாசலில் ஒரு குரல். பேச்சாயி ஆயா, விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். "நான்ல வச்சேன்! பழைய பொட்டு தண்ணியில வந்துருச்சுங்க. கழுவுனதும் அம்புட்டு அழகா இருந்துச்சு, நாளைக்கிப் பெரிய ஆளுங்க வேற வர்றாங்க, கண்ணு பட்டுருமேன்னு சிரமதானத்துக்கு வந்த கோகிலாகிட்ட ஒண்ணு வாங்கி வச்சேன். சாரு வேதக்காரரு, அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

என் பெருந்தன்மை அதோடு முடிந்தது. கிறிஸ்தவரான எங்கள் வீட்டில் பொட்டு வழக்கமே இல்லை என்பதும் உண்மைதான்.

அம்மையார் கண்ணாடியை உற்றுப் பார்த்தார். "பழசு நடுவுலதான இருந்திருக்கு? நீங்க ஏன் ஓரத்துல வச்சீங்க?"

ஆயா அவரை ஏற இறங்கப் பார்த்தார். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டிருப்பார். "நடுவுல வைக்கிறது அழகுக்குங்க. கண்ணு படாம இருக்க கன்னத்துலதான வைக்கணும்? இந்தா நிக்கிறாரே, இவருக்கும் அங்கதான் வப்பேன்." கைகாட்டிய இடத்தில் அதிபர் நின்றுகொண்டிருந்தார். அவர் உடனே ஜன்னல் பக்கம் திரும்பி மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அம்மையாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. வலயமே காணாத சிரிப்பு வெளியே வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. எனக்கு அதில் ஒரு தைரியம் வந்தது.

"மெடம், உங்ககிட்ட ஸ்டிக்கர் பொட்டு இருக்குமா?"

அதிபர் மலையிடமிருந்து திரும்பினார்.

"கண்ணாடியோட நடு தெரிஞ்சா பத்து நிமிசத்துல நேராக்கிருவேன். அதுக்குத்தாங்க."

அம்மையார் கைப்பையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்தார். "மெரூன்தான் இருக்கு. பரவால்லயா?"

கண்ணாடியின் அளவுக்குக் கடதாசியை வட்டமாக வெட்டி, நான்காக மடித்து, முனையைக் கிள்ளி நடுவைக் கண்டுபிடித்தேன். அந்த ஓட்டை வழியாக அம்மையாரே பொட்டை ஒட்டினார். பழக்கப்பட்ட கை, ஒரு தடவையில் ஒட்டிவிட்டது. கன்னத்துப் பொட்டை நான் தொடவில்லை. அந்த இத்தினியூண்டு பொட்டு மறைக்கிற வெளிச்சத்தால் எந்த நட்சத்திரத்துக்கும் நட்டமில்லை. உரித்தால்தான் நட்டம். எனக்குத் தெரிந்து அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

மறுபடி பூட்டித் திருகாணிகளைச் சரிசெய்து நிமிர்ந்தபோது நிஜமாகவே பனி வந்துவிட்டது. புகைபோக்கியைக் காணோம், பெக்டரியைக் காணோம். கீழே முழுக்க வெள்ளை. அதற்கு மேலே, எதிர்மலை உச்சியில், தோட்ட நிர்வாகி குடியிருக்கும் தொரை பங்களா மட்டும்தான் மிச்சமிருந்தது. அதன் பக்கம் திருப்பினேன். அம்மையார் குனிந்தார்.

"மாடிப்படியில கெடக்கிற செருப்புகூடத் தெரியுது," என்றார். பேனா வைத்திருந்தவரிடம், "கோப்ப மூடுங்க. இத நாம எங்கயும் தூக்கிட்டுப் போகல," என்றார். பிறகு ஆயாவைப் பார்த்து, "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

ஆயா பார்த்ததில்லை. நான்கு வருடத்தில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. குளிப்பாட்ட மட்டும் கூப்பிட்டிருந்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை வைத்தார்.

"சார்! பங்களா தலகீழாத் தொங்குது!"

அதிபர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "அது ஒண்ணுமில்ல ஆயாம்மா, இந்த வகைக் கண்ணாடியில எல்லாமே அப்பிடித்தான் தெரியும். சார், எதயாச்சும் திருப்பி நேராக் காட்டுங்க."

ஆயா கண்ணை எடுக்கவில்லை. எங்கள் பக்கம் கையை மட்டும் நீட்டித் தடுத்தார்.

"வேணாங்க. முப்பத்திரண்டு வருசமா நேராத்தான பாத்தேன். கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும்."

அம்மையார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். பனி மேலேறிப் பங்களாவை மூடும்வரை ஆயா எழும்பவில்லை, யாரும் எழும்பச் சொல்லவும் இல்லை. தட்டில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுத்து எல்லாருக்கும் நான்தான் கொடுத்தேன். முதல் கோப்பையை ஆயாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.